இரவில் பூட்டப்படும் விடுதிக் கதவுகளைப் பற்றி: பல்கலைக்கழக நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்கள், பதிவாளர்கள், விடுதிக் காப்பாளர்கள், வளாகப் பொறியாளர்கள் ஆகிய அனைவருக்கும்,

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

நான் 31 ஆண்டுகள் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். அவற்றுள் 9 ஆண்டுகள் ஒரு மகளிர் விடுதியின் துணைக் காப்பாளராகவும் பணியாற்றினேன். உங்களிடம் நான் கேட்க வந்திருப்பது ஒன்றே ஒன்றுதான். உங்கள் வளாகத்தில் மாணவர்கள் உறங்குகிற, படிக்கிற, ஆய்வு செய்கிற எந்தக் கட்டடமாக இருந்தாலும், உள்ளே இருப்பவர் சாவியைத் தேடாமலும் யாரையும் கூப்பிடாமலும் இருட்டில்கூடத் தள்ளித் திறந்துகொண்டு வெளியேறக்கூடிய வழிகள் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். அந்த வழிகள் இரவும் பகலும், விடுமுறை நாளிலும் அப்படியே இருக்க வேண்டும். தீயணைப்புக் கருவிகளைப் பற்றியும் புகை உணரிகளைப் பற்றியும் சொல்ல எனக்குச் சில உண்டு. ஆனால் அவையெல்லாம் இந்த ஒன்றுக்குப் பிறகே.

இதை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் விடுதியின் இரண்டாம் தளத்தில் துணி தேய்க்க ஓர் அறை இருந்தது. ஒரு நாள் மாலை மின்சாரம் போனபோது தேய்த்துக்கொண்டிருந்த மாணவி இஸ்திரிப் பெட்டியை மேசை மேல் விரித்திருந்த கம்பளியின் மீதே வைத்துவிட்டு, சுவிட்சை அணைக்க மறந்து கீழே சாப்பிடப் போய்விட்டார். இரவு 11 மணிக்கு மேல் மின்சாரம் வந்தது. கம்பளி கனன்று, மேசை கருகி, அடர்த்தியான புகை தாழ்வாரத்தை நிரப்பிய பிறகே யாரோ இருமிக்கொண்டு எழுந்து கூச்சலிட்டிருக்கிறார்கள். நான் காப்பாளர் குடியிருப்பிலிருந்து ஓடி வந்தபோது படிக்கட்டின் அடியில் இருந்த கிரில் கேட்டுக்குப் பின்னால் நூறு பேருக்கு மேல் நின்றுகொண்டிருந்தார்கள். வழக்கம்போல இரவு 9.30 மணிக்கு அது பூட்டப்பட்டிருந்தது. சாவிக்கொத்தை வைத்திருந்த பெண் காவலர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட முதன்மை வாயிலுக்குப் போயிருந்தார்; அவர் ஓடி வந்து சேர்ந்தபோதும், இருபதுக்கும் மேற்பட்ட சாவிகள் இருந்த அந்தக் கொத்தில் எது எந்தப் பூட்டுக்கு உரியது என்று எந்த அடையாளமும் இல்லை. அவருடைய கை நடுங்கியது. இரண்டு சாவிகளைப் போட்டுப் பார்த்துவிட்டு மூன்றாவதைத் தேடிக்கொண்டிருந்தபோது, கிரில்லை ஒட்டி நின்ற முதலாண்டு மாணவி ஒருத்தி, "அது இல்ல மேம், பக்கத்துல அந்தப் பித்தளைச் சாவி" என்றாள். தினமும் காலையில் கேட்டைத் திறக்கும்போது பார்த்துப் பார்த்து அவளுக்கு அது மனப்பாடமாகியிருந்தது. பின்னால் இருந்தவர்கள் நெருக்கியதில் கிரில் கம்பியின் தடம் அவளுடைய முன்கையில் பதிந்திருந்தது. இரண்டு நாள் கழித்தும் அது மறையவில்லை.

கூச்சல் கேட்டதிலிருந்து கேட் திறந்தது வரை ஏறத்தாழ 7 நிமிடம். கம்பளி தீப்பிடித்து எரியாமல் கனன்றுகொண்டே இருந்ததால் அன்று எவருக்கும் உயிர் போகவில்லை.

மறுநாள் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. மாணவியின் கவனக்குறைவே காரணம் என்று அறிக்கை எழுதினோம். இஸ்திரிப் பெட்டிகளுக்குத் தடை விதித்தோம். புதிதாகப் பன்னிரண்டு தீயணைப்புக் கருவிகள் வாங்கப் பரிந்துரைத்தோம். அவை வந்து சுவர்களில் தொங்கின. கேட்டைப் பற்றி அந்த அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. அன்று இரவும் 9.30 மணிக்கு அது பூட்டப்பட்டது. அந்த அறிக்கையில் கையெழுத்திட்டவர்களில் நானும் ஒருத்தி. இந்த மடலை எழுத என்னை உந்தியது அந்தக் கையெழுத்துதான்.

பூட்டிய கதவு தீயைவிட அதிகமாகக் கொன்றிருக்கிறது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுகள் உண்டு. 1997 ஜூன் 13 அன்று தில்லி உபகார் திரையரங்கில் இறந்த 59 பேரில் பெரும்பாலோரைத் தீ தொடவே இல்லை. தரைத்தளத்து மின்மாற்றியில் பற்றிய தீயின் புகை படிக்கட்டு வழியாக மேலே ஏறியது. பால்கனியில் இருந்தவர்களுக்கு ஒரு பக்கத்து வழி கூடுதல் இருக்கைகளால் அடைபட்டிருந்தது, கதவு தாழிடப்பட்டிருந்தது. மூச்சுத் திணறியே அவர்கள் இறந்தார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலம் குன்றிய 28 பேர் கொட்டகைக்குள் எரிந்து இறந்தார்கள். அவர்கள் ஓட முடியாமல் போனதற்குக் காரணம், அவர்களுடைய பாதுகாப்புக்கென்று காலில் கட்டப்பட்டிருந்த சங்கிலி. விடுதி மாணவிகளை அந்த நிலையோடு ஒப்பிடுவது மிகை என்று உங்களில் சிலருக்குத் தோன்றக்கூடும். கிரில்லுக்கு இந்தப் பக்கம் நின்று சாவிக்காகக் காத்திருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: பாதுகாப்பு என்ற பெயரில் வெளியே இருப்பவர் பூட்டுவதும், உள்ளே இருப்பவருக்கு அதைத் திறக்கும் வழி இல்லாமல் போவதும் இரண்டிலும் ஒன்றேதான்.

கும்பகோணத்தை நாம் யாரும் மறக்கவில்லை. 2004 ஜூலை 16 அன்று மதிய உணவுச் சமையலறையில் பற்றிய தீ கூரைக் கீற்றுக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக்கூரைகள் அகற்றப்பட்டன. அது தேவையான நடவடிக்கையே. ஆனால் அந்தக் கட்டடத்தில் குழந்தைகள் இறங்கி ஓட ஒரே ஒரு குறுகலான படிக்கட்டுதான் இருந்தது என்ற மற்றொரு உண்மையை, கூரை கண்ணில் பட்ட அளவுக்கு நாம் கண்ணில் நிறுத்திக்கொள்ளவில்லை. அந்தத் துயரத்தையொட்டித் தொடரப்பட்ட பொதுநல வழக்கில் 2009 ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றம், பாதுகாப்பான பள்ளியில் படிப்பது கல்வி உரிமையின் ஒரு பகுதியே என்று தீர்ப்பளித்து, பள்ளிகளுக்குத் தீத்தடுப்பு ஏற்பாடுகளைக் கட்டாயமாக்கியது. அந்தத் தீர்ப்பு பேசியது பள்ளிகளைப் பற்றி. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு உங்கள் விடுதிக்கு வந்து சேரும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பாதுகாப்பு தேவையில்லை என்று எந்த நீதிபதியும் சொல்ல மாட்டார். 2019 மே 24 அன்று சூரத்தில் ஒரு வணிக வளாகத்தின் மேல்தளத்தில் இயங்கிய பயிற்சி மையத்தில் 22 மாணவர்கள் இறந்தார்கள். இறங்கும் படிக்கட்டுத் தீக்குள் அகப்பட்டுக்கொண்டதால் பலர் மேலிருந்து குதித்தார்கள். 2023 ஜூன் 15 அன்று தில்லி முகர்ஜி நகரில் ஒரு பயிற்சி மையத்தில் தீப்பிடித்தபோது மாணவர்கள் சன்னல் வழியே கம்பிவடங்களைப் பிடித்துக்கொண்டு இறங்கிய காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்குச் சன்னலாவது திறந்திருந்தது. நம்முடைய மகளிர் விடுதிகளில் எத்தனை சன்னல்களுக்குச் சுவரோடு பற்றவைக்கப்படாத கிரில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இதற்கு விதி இல்லாமல் இல்லை. தேசியக் கட்டட விதித்தொகுப்பின் நான்காம் பகுதி முழுவதும் தீயையும் உயிர்ப் பாதுகாப்பையும் பற்றியது. வெளியேறும் கதவு, அதைப் பயன்படுத்தி வெளியேறுபவர் நிற்கும் பக்கத்திலிருந்து சாவி இல்லாமல் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. மின்தூக்கியை வெளியேறும் வழியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் சொல்கிறது. கட்டடத்துக்குத் தடையின்மைச் சான்று வாங்கும்போது இந்த வரிகளின்படியே வரைபடம் தயாராகிறது. இரண்டாவது படிக்கட்டும் அதில் இருக்கிறது. கட்டடம் திறந்து ஓராண்டுக்குள் அந்த இரண்டாவது படிக்கட்டின் அடியில் உடைந்த கட்டில்களும் பழைய விடைத்தாள் மூட்டைகளும் வந்து சேர்கின்றன, அதன் கதவுக்கு ஒரு பூட்டும் வருகிறது. சான்று மட்டும் அலுவலகக் கோப்பில் பத்திரமாக இருக்கிறது.

பூட்டுவதற்கு உங்களிடம் காரணங்கள் உண்டு. அவற்றை நான் அலட்சியமாகத் தள்ளவில்லை, ஏனென்றால் 9 ஆண்டுகள் அதே காரணங்களை நானும் பெற்றோரிடம் சொல்லியிருக்கிறேன். மடிக்கணினி திருடு போகிறது. வெளியாட்கள் நுழைந்துவிடுவார்களோ என்ற அச்சம் உண்மையானது. மகளை விட்டுச் செல்லும் தந்தை கேட்கிற முதல் கேள்வியே, "ராத்திரி கேட்டைப் பூட்டிடுவீங்கள்ல மேடம்?" என்பதுதான். இவை எல்லாவற்றுக்கும் விடையாக ஓர் எளிய பொருள் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் புழக்கத்தில் இருக்கிறது. 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவின் இராக்குவா திரையரங்கில் 600 பேருக்கு மேல் தீயில் இறந்தார்கள். அங்கே பல கதவுகள் பூட்டியிருந்தன, சிலவற்றின் தாழ்ப்பாள் மக்களுக்குத் திறக்கத் தெரியாத வகையில் இருந்தது. அன்றைய காட்சிக்குப் போவதாக இருந்து போக முடியாமல் போன கார்ல் பிரின்ஸ்லர் என்ற இரும்புச் சாமான் விற்பனையாளர், ஹென்றி டுபாண்ட் என்ற கட்டடக் கலைஞருடன் சேர்ந்து, கதவின் குறுக்கே இடுப்பு உயரத்தில் ஒரு தண்டு இருக்கும் தாழை உருவாக்கினார். 1908இல் அது விற்பனைக்கு வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அது பூட்டிய கதவு. உள்ளிருந்து உடம்பால் சாய்ந்தால் போதும், திறந்துகொள்ளும். பெரிய திரையரங்குகளிலும் வணிக வளாகங்களிலும் நீங்கள் அதைத் தள்ளித்தான் வெளியே வந்திருப்பீர்கள். அதோடு ஓர் ஒலிப்பானையும் இணைத்துவிட்டால், தேவையில்லாமல் யார் திறந்தாலும் வளாகம் முழுவதும் கேட்கும். ஒழுங்கைப் பற்றிய உங்கள் கவலைக்கும் அதுவே காவல். ஒரு கட்டடத்துக்குப் பெயர்ப்பலகையும் கல்வெட்டும் வைக்க ஆகும் செலவுக்குள் இது அடங்கிவிடும். சன்னல் கிரில்களில் தளத்துக்கு இரண்டையாவது கீல் வைத்து, உள்பக்கம் தாழிடும்படி மாற்றலாம். வளாகத்துப் பற்றவைப்புப் பட்டறையிலேயே செய்துகொள்ளக்கூடிய வேலை அது.

இங்கே ஒரு தெளிவும் தேவை. மூடுவது வேறு, பூட்டுவது வேறு. படிக்கட்டுக்கும் தாழ்வாரத்துக்கும் நடுவே இருக்கும் தீத்தடுப்புக் கதவுகள் எப்போதும் மூடியே இருக்க வேண்டும். அவை திறந்து கிடந்தால் சூடான புகை படிக்கட்டுக்குள் நுழைந்து, புகைபோக்கியில் ஏறுவதுபோல மேல்தளங்களுக்கு ஏறிவிடும். நம் வளாகங்களில் நடப்பது நேர்மாறானது. காற்று வர வேண்டும் என்று இந்தக் கதவுகளுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்துத் திறந்து வைக்கிறோம். வெளியே போகும் கதவைப் பூட்டுகிறோம். ஆய்வகங்களிலும் இதே கதைதான். ஈதரும் அசிட்டோனும் ஹெக்சேனும் இருக்கிற அறைக்கு இரண்டு கதவுகள் இருந்தாலும் ஒன்றின் முன்னால் குளிர்பதனப் பெட்டி நிற்கும். ஈதரின் ஆவி காற்றைவிடக் கனமானது. மேசை மட்டத்திலும் தரையிலும் தவழ்ந்து சென்று தொலைவில் இருக்கும் ஒரு தீப்பொறியை அது தேடிப் பிடிக்கும், பிடித்த தீ வந்த வழியே திரும்பி ஓடி வரும். விடுமுறை நாளில், பின்னிரவில், தனியாக நின்று வேலை பார்க்கும் ஆய்வு மாணவருக்கு அந்த இரண்டாவது கதவு மிக முக்கியம்.

ஒத்திகைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் வெடித்த கப்பலின் தீயை அணைக்கப் போய் உயிர்விட்ட தீயணைப்பு வீரர்களின் நினைவாக அது கடைப்பிடிக்கப்படுகிறது. அந்த வாரத்தில் வளாகத்துக்குத் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையினர் வருகிறார்கள்; மைதானத்தில் ஒரு தகரப் பீப்பாயில் எண்ணெய் ஊற்றிக் கொளுத்தி, கருவியின் ஊசியைப் பிடுங்கி, குழலைத் தீயின் அடிப்பகுதிக்குக் காட்டி அழுத்த வேண்டும் என்று சொல்லித் தருகிறார்கள். அவர்களுடைய உழைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் மைதானத்தில் கூடி நின்று பார்ப்பது கட்டடத்தை விட்டு வெளியேறும் ஒத்திகை ஆகாது. அப்படி ஓர் ஒத்திகையை எங்கள் வளாகத்தில் நடத்தியபோதுகூட, நாளும் நேரமும் முன்பே சுற்றறிக்கையாக வந்துவிட்டன. காலை 11 மணி, எல்லாக் கதவுகளும் திறந்திருந்தன, நான்கு நிமிடத்தில் அனைவரும் வெளியே வந்தார்கள், கைதட்டினோம். மரத்தடியில் சக்கர நாற்காலியில் அமர்ந்திருந்த முதுகலை மாணவியிடம், "நீ எப்படிம்மா இவ்வளவு சீக்கிரம் இறங்கின?" என்று கேட்டேன். "மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே லிஃப்ட்ல கூட்டிட்டு வந்து இங்க உட்கார வச்சிட்டாங்க மேம். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான்" என்றாள். அவள் தங்கியிருந்தது மூன்றாம் தளம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் அவர்களுக்கு 5 விழுக்காட்டுக்குக் குறையாமல் இடம் ஒதுக்கச் சொல்கிறது. ஆபத்தான சூழல்களில் மற்றவர்களுக்கு நிகரான பாதுகாப்பு அவர்களுக்கு உண்டு என்றும் அதே சட்டம் சொல்கிறது. முதலாவதை நிறைவேற்றிச் சேர்க்கைப் பட்டியல் வெளியிடுகிறோம். இரண்டாவதைப் பற்றி எந்த விடுதியின் கோப்பில் ஒரு தாளாவது இருக்கிறது? நடக்க இயலாத மாணவருக்குத் தரைத்தளத்தில் அறை தருவது முதல் படி. அவர் வகுப்புக்கோ நூலகத்துக்கோ மேல்தளம் போக வேண்டியிருந்தால், மின்தூக்கி நின்றுவிட்ட நிலையில் படிக்கட்டில் அவரை இறக்கும் நாற்காலி அங்கே இருக்க வேண்டும், அதைப் பிடிக்கப் பழகிய இருவர் யார் யார் என்று அவருக்கே பெயர் தெரிந்திருக்க வேண்டும். காது கேளாத மாணவரின் அறையில் ஒலியோடு சேர்ந்து மின்னும் விளக்கு வேண்டும். அவர் தூங்கும்போது மணி அடித்துப் பயனில்லை. பார்வையற்ற மாணவர்கள் அவசர வழியை நாளில் ஒருமுறையாவது நடந்து பழகியிருக்க வேண்டும். உண்மையில், விளக்கு அணைந்து புகை சூழ்ந்த படிக்கட்டில் மற்றவர்களுக்கு வழிகாட்டக்கூடியவர்கள் அவர்களாகவே இருப்பார்கள். இவற்றை எப்படிச் செய்வது என்று அந்த மாணவர்களிடமே கேளுங்கள். நான் கேட்கத் தொடங்கியது மிகத் தாமதமாக.

எச்சரிக்கை மணி அடித்தால் மாணவர்கள் எழுந்து வருவார்களா என்பது அடுத்த கேள்வி. 2000 ஜனவரி 19 விடியற்காலையில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் சீட்டன் ஹால் பல்கலைக்கழக விடுதியில் மூன்றாம் தளத்துக் கூடத்தில் தீப்பற்றி மூன்று முதலாண்டு மாணவர்கள் இறந்தார்கள். மணி அடிக்கத்தான் செய்தது. அதற்கு முந்தைய மாதங்களில் அது பலமுறை பொய்யாக அடித்திருந்ததால், இதுவும் அப்படித்தான் என்று பலர் படுக்கையை விட்டு எழவில்லை. அந்த விடுதியில் தண்ணீர் தெளிப்பான்களும் இல்லை. அதே ஆண்டிலேயே நியூ ஜெர்சி மாநிலம் கல்லூரி விடுதிகளில் தெளிப்பான்களைக் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்றியது. நம் விடுதிகளிலோ, சுவருக்கு வெள்ளையடித்தபோது புகை உணரிகளுக்குப் போட்ட பாலித்தீன் உறை அடுத்த வெள்ளையடிப்பு வரை அப்படியே கிடக்கிறது; ஆயுத பூசைக் கற்பூரத்துக்கு ஒருமுறை மணி அடித்துவிட்டால் கட்டுப்பாட்டுப் பலகையையே அணைத்துவிடுகிறார்கள். பொய்யாக அடிக்கும் மணியைப் பழுதுபார்க்க வேண்டுமே தவிர வாயை அடைக்கக் கூடாது.

வெளியே வந்தவர்களை எண்ணுவதும் வெளியேற்றத்தின் ஒரு பகுதியே. அன்றிரவு என்னால் எண்ண முடியவில்லை. ஊருக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்ற பதிவேடு, புகை நிரம்பிய அந்தக் கட்டடத்துக்குள், அலுவலக மேசையில் இருந்தது. அதன் ஒரு படியை வாயில் காவலரிடம் வெளியே வையுங்கள். கூடுமிடத்துக்குச் செல்லும் வழியிலும் தீயணைப்பு வண்டி வரும் வழியிலும் இருசக்கர வண்டிகளை நிறுத்த விடாதீர்கள். தடைசெய்த பொருள்களைப் பற்றியும் ஒரு சொல்: கெட்டிலையும் மின்அடுப்பையும் பறிமுதல் செய்யும் சோதனைகளால் அவை ஒழியவில்லை, கட்டிலுக்கு அடியில், துணிகளுக்கு நடுவே, ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மறைந்து இன்னும் ஆபத்தாயின. தளத்துக்கு ஒரு பொதுச் சமையலிடமும், தானாக அணையும் இஸ்திரிப் பெட்டியும், முறையான மின் இணைப்பும் கொடுத்தால் மறைக்க வேண்டிய தேவை குறையும்.

அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, வளாகத்தில் விடுதி வைத்திருக்கும் ஒவ்வோர் உயர்கல்வி நிறுவனமும் தன் விடுதிகளில் நடந்த தீ விபத்துகளின் எண்ணிக்கை, காரணம், காயம், இழப்பு, நடத்திய ஒத்திகைகள் ஆகியவற்றை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். தீ விபத்துப் பதிவேட்டை யார் கேட்டாலும் காட்ட வேண்டும். அப்படி ஒரு சட்டம் இங்கே வரும்வரை நீங்கள் காத்திருக்கத் தேவையில்லை. சேர்க்கைக் கையேட்டில் விடுதிக் கட்டணத்தையும் உணவுப் பட்டியலையும் அச்சிடுகிறீர்கள். அதற்குப் பக்கத்தில், இந்த விடுதிக்கு எத்தனை வெளிவழிகள், கடைசி இரவு ஒத்திகை எந்த நாளில் நடந்தது, எத்தனை நிமிடம் ஆனது என்று மூன்று வரி சேர்க்க ஆட்சிமன்றக் குழுவின் தீர்மானம்கூடத் தேவைப்படாது. கேட்டைப் பூட்டுவீர்களா என்று கேட்கும் அந்தத் தந்தையிடம் இந்த மூன்று வரியைக் காட்டி, வெளியிலிருந்து யாரும் நுழைய முடியாது, உள்ளிருந்து உங்கள் மகள் எப்போது வேண்டுமானாலும் வெளியே வர முடியும் என்று சொல்லுங்கள். அவர் மறுக்க மாட்டார் என்று நான் நம்புகிறேன்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். அடுத்த பருவம் தொடங்கிய முதல் வாரத்தில், யாருக்கும் முன்னறிவிப்பு இல்லாமல், உங்கள் மகளிர் விடுதிக்குப் பெண் காப்பாளர் ஒருவருடன் இரவு 11 மணிக்குச் செல்லுங்கள். மேல்தளத்துக் கடைசி அறையின் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மின்தூக்கியைத் தொடாமல், கைப்பேசி விளக்கை ஏற்றாமல், எவரிடமும் சாவி கேட்காமல், முதலில் முதன்மைப் படிக்கட்டிலும் பிறகு இரண்டாவது படிக்கட்டிலும் இறங்கித் திறந்த வெளிக்கு வாருங்கள். எவ்வளவு நேரம் ஆனது, எந்த இடத்தில் நின்றுபோனீர்கள் என்பதை அன்றிரவே ஒரு தாளில் எழுதி, உங்கள் கையெழுத்தோடு விடுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர்,
முன்னாள் மகளிர் விடுதித் துணைக் காப்பாளர்